மேற்குத் தொடர்ச்சி மலைக்குள்ள ஒரு ஜீப்: 'லாஸ்ட் லெகசி' சொல்லித் தரும் ஓப்பன் வேர்ல்ட் பாடம்

காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டுல நின்னு மேற்கே பார்த்தா கட்டடமும் மேம்பாலமும்தான் தெரியும். அங்கேயே 70ஆம் நம்பர் பஸ் ஏறி மருதமலைப் பக்கம் போங்க. வடவள்ளி தாண்டுனதும் மலை நேரா முன்னாடி வந்து நிக்கும். அந்த மலைத்தொடரோட கர்நாடகப் பகுதியை ஒரு அமெரிக்க கம்பெனி 2017இல் கம்ப்யூட்டருக்குள்ள கட்டி, அதுல நம்மளை ஜீப் ஓட்ட விட்டது. கேமோட பேரு 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி'. செஞ்சது நாட்டி டாக் நிறுவனம். அதுல நாலாவது அத்தியாயத்தோட பேரே 'மேற்குத் தொடர்ச்சி மலை'தான்.

நம்ம கேம்பஸ்ல கேம் பத்திப் பேச்சு வந்தா ரெண்டே தீர்ப்புதான்: 'செம', இல்லன்னா 'மொக்க'. இந்தக் கட்டுரை அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடத்துக்கு. ஒரு ஓப்பன் வேர்ல்ட் கேமோட பலம் எது, பலவீனம் எது, ரெண்டும் எங்கிருந்து வருதுன்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது? அதுக்கு இந்த ஒரு அத்தியாயத்தை எடுத்துக்குவோம். கதையோட முடிவைச் சொல்லப் போறதில்ல, தைரியமா படிங்க.

முதல்ல, கேம் என்ன?

'அன்சார்ட்டட் 4'க்கு ஒரு சின்ன இணைப்பா ஆரம்பிச்சு, வளர்ந்து தனி கேமாவே வந்தது 'லாஸ்ட் லெகசி'. 2017 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4க்கும், 2022 அக்டோபரில் பிசிக்கும் வந்தது. நாம ஆடுற கதாபாத்திரம் க்ளோயி ஃப்ரேசர், இந்திய அப்பாவுக்குப் பொறந்தவ. கூட வர்றது நாடீன் ராஸ், தென்னாப்பிரிக்காக்காரி. ரெண்டு பேரும் தேடுறது பிள்ளையாரோட உடைஞ்ச தந்தத்தை. அது ஹொய்சளர்களோட தொலைஞ்சு போன நகரத்துல இருக்குங்கிறது கதை. அதே தந்தத்துக்கு அசாவ்ங்கிற வில்லனும் அவன் படையும் அலையுறாங்க.

தந்தம் உடைஞ்ச கதைன்னா, நம்ம வீட்ல பெரும்பாலும் மகாபாரதம் எழுதறதுக்காகப் பிள்ளையாரே உடைச்சுக்கிட்டார்னு கேட்டிருப்போம். கேம் எடுத்துக்கிட்டது பரசுராமரோட கோடாலி பட்டு உடைஞ்ச இன்னொரு கதையை. ரெண்டுமே இந்த மண்ணுல சொல்ற கதைதான். அந்த அளவுக்கு எழுத்தாளர்கள் படிச்சுட்டுத்தான் வந்திருக்காங்க.

முழு கேமும் ஓப்பன் வேர்ல்ட் கிடையாது. மொத்தம் 9 அத்தியாயம். அதுல பெரும்பாலானது ஒரே வழியில போற நேர்கோட்டுப் பாதை. நாலாவது அத்தியாயம் மட்டும் கதவைத் தொறந்து விட்டுடும்: ஒரு பெரிய பள்ளத்தாக்கு, ஒரு ஜீப், எங்க வேணா போங்க. அதனாலதான் பாடத்துக்கு இது வசதி. நூறு மணி நேர கேமை அலசறது கஷ்டம். இது ஒரு சாயங்காலத்துல முடியற உலகம்.

'ஓப்பன் வேர்ல்ட்'னா எவ்வளவு பெருசு?

இந்தக் கேள்வியே கொஞ்சம் தப்புன்னு சொல்றதுக்கு ஒரு பழைய உதாரணம். 1984இல் இங்கிலாந்துல ரெண்டு கல்லூரி மாணவர்கள், டேவிட் பிரேபனும் இயன் பெல்லும், 'எலைட்'னு ஒரு விண்வெளி வியாபார கேம் எழுதினாங்க. அது ஓடின பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரோட நினைவகம் 32 கிலோபைட். உங்க போன்ல ஒரு சாதாரண போட்டோ கூட அதுக்குள்ள அடங்காது. ஆனா கேம்ல 8 விண்மீன் மண்டலம், ஒவ்வொண்ணுலயும் 256 கிரகம், ஆக 2048. எதையும் சேமிச்சு வைக்கல. ஒரு தொடக்க எண்ணுல இருந்து கணக்குப் போட்டு, தேவைப்படறப்ப அந்தக் கிரகத்தோட பேரையும் விலைவாசியையும் உருவாக்கினாங்க.

இதுல இருந்து தெரியறது என்னன்னா, பரப்பளவு மலிவான விஷயம். 40 வருஷத்துக்கு முன்னாடியே 32 கேபியில 2048 கிரகம் கிடைச்சுது. அதனால 'எங்க மேப் அவங்க மேப்பை விடப் பெருசு'ன்னு ஒரு விளம்பரம் சொன்னா அதுல மயங்கிட வேண்டாம். அந்த இடத்துல நாம ஒண்ணு செஞ்சா, அந்த இடம் திருப்பி என்ன செய்யுதுன்னு பார்க்கணும். இந்த ஒரு அளவுகோலை மட்டும் கையில வெச்சுக்கிட்டு உள்ள போவோம்.

பலம் 1: ஏறிப் பாரு, அப்புறம் இறங்கிப் போ

அத்தியாயம் ஆரம்பத்துல க்ளோயி ஒரு கோபுரத்து மேல ஏறுவா. அங்கிருந்து பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். தூரத்துல அருவி, பாதி இடிஞ்ச கோட்டை, பிரம்மாண்டமான சிலை. பார்த்ததை அவ ஒரு காகித மேப்ல பேனாவால குறிச்சுக்குவா. அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கற வழிகாட்டி. திரை ஓரத்துல சுத்திக்கிட்டே இருக்கற குட்டி மேப் கிடையாது, ரோட்டு மேல மஞ்சக் கோடு கிடையாது.

இதோட பலனை நீங்களே உணருவீங்க. குட்டி மேப் இருந்தா கண்ணு அந்த மூலையிலயேதான் இருக்கும். கூகுள் மேப் பார்த்துக்கிட்டே கிராஸ் கட் ரோட்ல நடந்தா ஒரு கடை பேரும் மனசுல நிக்காது இல்லையா, அதே மாதிரி. இங்க வழி தெரியணும்னா நிமிர்ந்து மலையைப் பார்க்கணும். 'அருவிக்கு இடப்பக்கம் அந்தக் கோபுரம்'னு மனசுல ஒரு வரைபடம் உருவாகும். ரெண்டு மணி நேரத்துல அந்தப் பள்ளத்தாக்கு உங்களுக்குப் பழகின ஊர் ஆயிடும்.

பலம் 2: வரிசை உங்க கையில

மூணு கோட்டை: சூலம், வில், கோடாலி. மூணுலயும் வேலை இருக்கு. எதை முதல்ல செய்யறதுன்னு கேம் சொல்லாது. மூணையும் அடுக்க 6 வழி இருக்கு, ஆறுல எதுவும் தப்பு இல்ல. போற வழியில வேற எதாச்சும் கண்ணுல பட்டா வண்டியைத் திருப்பிக்கலாம்.

பலம் 3: பரிசே அடுத்த தேடலுக்கு உதவும்

கோட்டைங்க போக, பள்ளத்தாக்குல ஒளிச்சு வெச்ச 11 ஹொய்சள வில்லைகள் இருக்கு. கட்டாயம் இல்ல. ஆனா பதினொண்ணையும் எடுத்தா 'ராணியின் மாணிக்கம்'னு ஒரு கைவளை கிடைக்கும். அதுக்கப்புறம் பக்கத்துல புதையல் இருந்தா அந்த வளை ஓசை குடுக்கும்.

நிறைய கேம்கள்ல ஓரத்துல இருக்கற வேலையைச் செஞ்சா காசோ பாயிண்டோ குடுப்பாங்க. அது கூலி. இங்க சுத்திப் பார்த்ததுக்குப் பரிசா, இன்னும் நல்லா சுத்திப் பார்க்கற திறமையைக் குடுக்கறாங்க. கேம் எழுதணும்னு நினைக்கறவங்க இந்த ஒரு யோசனையைத் தாராளமா எடுத்துக்கலாம்.

பலம் 4: மலையே சுவர்

இது நம்ம துறைக்காரங்களுக்கு. பிளேஸ்டேஷன் 4இல் ப்ராசசருக்கும் கிராபிக்ஸுக்கும் சேர்த்தே 8 ஜிபி நினைவகம். ஒரு முழு பள்ளத்தாக்கோட ஒவ்வொரு இலையையும் ஒரே நேரத்துல அதுல வெக்க முடியாது. பொதுவா இந்த மாதிரி கேம்கள்ல மூணு உத்தி நடக்கும். தூரத்து மரத்தைக் குறைஞ்ச முக்கோணங்களால வரைஞ்சு, கிட்டப் போகப் போக விவரமான மரத்தை மாத்தி வெப்பாங்க. எதாவது ஒண்ணுக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கறதை வரையவே மாட்டாங்க. நீங்க போகப் போற திசையில இருக்கறதை மட்டும் முன்கூட்டியே டிஸ்க்ல இருந்து எடுத்து வெப்பாங்க.

இதுல ரெண்டாவது உத்திக்கு மலைநாடு ரொம்ப ஒத்துழைக்கும். ஒரு குன்று பின்னாடி இருக்கறதை மறைச்சா மெஷினுக்கு வேலை மிச்சம். ஆடுறவருக்கோ 'அந்தப் பக்கம் என்ன இருக்கு?'ன்னு ஆர்வம். நின்டெண்டோ குழுவும் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' கேம்ல நிலத்தை முக்கோண வடிவங்களா யோசிச்சுத்தான் எதை மறைக்கணும், எதை மெதுவா காட்டணும்னு முடிவு பண்ணதா விளக்கியிருக்காங்க. தொழில்நுட்பத்தோட தேவையும் ரசனையோட தேவையும் ஒரே குன்றுல சேர்ந்து நிக்குது. நல்ல இன்ஜினியரிங்னா இதுதான்.

இப்ப மறுபக்கம்.

பலவீனம் 1: ஊரே இல்லாத மலை

கேம் ஒரு இந்திய நகரத்துச் சந்தையில ஆரம்பிக்கும். அங்க கூட்டம் இருக்கு, கடை இருக்கு, க்ளோயியோட பேசற ஒரு சின்னப் பொண்ணு இருக்கா. ஆனா நாலாவது அத்தியாயத்துக்கு வந்தா அந்த மனுஷங்க எல்லாம் காணாமப் போயிடறாங்க. அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ரெண்டே வகை ஆளுங்கதான்: நம்ம ரெண்டு பேர், நம்மளைச் சுட வர்ற படை.

மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லைப் பக்கத்துல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் சுமார் 1600 கிலோமீட்டர். 2012இல் யுனெஸ்கோ இதுல 39 இடங்களை உலகப் பாரம்பரியச் சின்னமா சேர்த்தது. காடு மட்டும்னு நினைச்சுக்காதீங்க. வால்பாறையில தேயிலை பறிக்கறவங்க, ஆனைகட்டிப் பக்கம் இருளர் கிராமங்கள், வெள்ளிங்கிரிக்கு மூங்கில் தடியோட ஏறுறவங்க, செக்போஸ்ட்ல நிக்கற வனக்காவலர்னு எல்லாரும் சேர்ந்ததுதான் அந்த மலை. கேம் எடுத்துக்கிட்டது பச்சை நிறத்தையும் அருவியையும் கல்லையும்.

பலவீனம் 2: தொலையாத ஊரைத் தொலைச்சது

கேம்ல ஹளேபீடும் பேலூரும் காட்டுக்குள்ள மறைஞ்ச மர்ம நகரங்கள். நிஜத்துல ரெண்டும் ஹாசன் மாவட்டத்துல, ஒண்ணுக்கொண்ணு சுமார் 16 கிலோமீட்டர் தூரத்துல இருக்கற ஊர்கள். பஸ் போகுது, பள்ளிக்கூடம் இருக்கு, டீக்கடை இருக்கு. பேலூர் சென்னகேசவர் கோயில் 1117இல் விஷ்ணுவர்த்தனன் காலத்துல எழுந்தது. இன்னிக்கும் அங்க பூஜை நடக்குது. 2023இல் பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் கோயில்கள் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. ஹொய்சளர்கள் நமக்கும் தூரத்து ஆளுங்க கிடையாது. சமயபுரத்துக்குப் பக்கத்துல கண்ணனூர்ல இருந்து தமிழ்நாட்டுல ஒரு பகுதியையே ஆண்டிருக்காங்க.

'அட, கதைதானே, கற்பனைக்கு என்ன கணக்கு?'ன்னு கேட்கலாம். நியாயம்தான். புதையல் கதைக்குத் தொலைஞ்ச நகரம் வேணும். ஆனா ஒண்ணு யோசிங்க. இதே கம்பெனி ஒரு கதையில லண்டனைத் தொலைஞ்ச நகரமா காட்ட முடியுமா? முடியாது, ஆடுறவங்களுக்கு லண்டன் தெரியும். ஒரு ஊரை 'தொலைஞ்சது'ன்னு சொல்லணும்னா, அந்த ஊர்க்காரங்க இந்தக் கேமை ஆட மாட்டாங்கன்னு முதல்ல நினைச்சுக்கணும். நாம ஆடறோம். அதனால அந்தக் குறை நம்ம கண்ணுக்குத்தான் முதல்ல தெரியும், தெரியவும் வேணும்.

பலவீனம் 3: சுதந்திரத்துக்குக் குடுத்த விலை

இதுதான் பாடத்தோட மையம், கொஞ்சம் நிதானமா வாங்க.

மூணு கோட்டையையும் எந்த வரிசையிலயும் செய்யலாம்னு பலம் 2இல் பாராட்டினோம். அதுக்கு ஒரு விலை இருக்கு. எந்த வரிசையிலயும் போகலாம்னா, ஒவ்வொரு கோட்டையும் மத்த ரெண்டுல என்ன நடந்துச்சுன்னு தெரியாம இருக்கணும். சூலக் கோட்டையில நீங்க பெரிய சண்டை போட்டுட்டு வந்தாலும் வில் கோட்டை அப்படியேதான் காத்துக்கிட்டு இருக்கும். அங்க இருக்கறவன் பயப்பட மாட்டான், இடம் மாற மாட்டான்.

ஏன் அப்படிச் செய்யறாங்க? சோம்பேறித்தனமா? இல்ல, கணக்கு. ஒரு கோட்டைக்கு ரெண்டே நிலை: முடிஞ்சது, முடியல. மூணு கோட்டைன்னா 2 × 2 × 2, ஆக 8 நிலை. எட்டுக்கும் தனித்தனி வசனம், தனித்தனி எதிரி அமைப்புன்னா கஷ்டப்பட்டாவது எழுதிடலாம். பத்து கோட்டைன்னா 1024. இருபதுன்னா பத்து லட்சத்தைத் தாண்டிடும். உலகம் பெருசாக ஆக, அதுல இருக்கற ஒவ்வொண்ணும் இன்னொண்ணைக் கவனிக்கறது முடியாத காரியம் ஆயிடுது. அதனால டிசைனர்கள் ஒவ்வொண்ணையும் தனித் தீவா பிரிச்சு வெச்சுடறாங்க. நிறைய ஓப்பன் வேர்ல்ட் கேம்கள்ல ஊரையே காப்பாத்தின அப்புறமும் கடைக்காரர் பழைய டயலாக்கையே சொல்றதுக்கு இதுதான் காரணம்.

அப்ப பலமும் பலவீனமும் ரெண்டு தனித்தனி பட்டியல் கிடையாது. ஒரே முடிவோட ரெண்டு பக்கம். ஒரு கேமைப் பத்தி எழுதறப்ப 'இது பிளஸ், இது மைனஸ்'னு பிரிச்சு எழுதிட்டு விட்டுடாதீங்க. ஒவ்வொரு மைனஸுக்கும் எதிர்ல, அதைக் குடுத்து எந்த பிளஸ்ஸை வாங்கினாங்கன்னு கோடு போட்டுப் பாருங்க.

நம்ம ஊரை வெச்சு ஒரு சோதனை

இந்த அளவுகோலை நிஜ இடத்துல வெச்சா என்ன ஆகும்? காந்திபுரத்தையே எடுத்துக்குவோம்.

வெளியூர்ல இருந்து முதல் தடவை வந்து இறங்குறவங்களுக்குக் காந்திபுரம் ஒரு நல்ல புதிர். டவுன் பஸ் ஸ்டாண்ட் ஒண்ணு, வெளியூர் பஸ்ஸுக்கு ஒண்ணு, அரசு விரைவுப் பஸ்ஸுக்கு இன்னொண்ணு, ஆம்னி பஸ்ஸுக்குத் தனியா ஒண்ணு. எல்லாமே 'காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட்'தான். தலைக்கு மேல ரெண்டடுக்கு மேம்பாலம் வேற திசையை மறைக்குது. ஒரு டிசைனர் பார்த்தா 'அடையாளம் தெரியல, வழிகாட்டிப் பலகை பத்தல'ன்னு குறை எழுதுவார்.

ஆனா யாரும் அங்க ரொம்ப நேரம் தொலைஞ்சு நிக்கறதில்ல. ஏன்னா அங்க வழி சொல்றது மனுஷங்க. 'ஏனுங்ண்ணா, மருதமலை பஸ் எங்கீங்க நிக்கும்?'னு கேட்டா, 'அக்கட்டால போங்க தம்பி, இப்பத்தான் ஒண்ணு போச்சு'ன்னு பதில் வரும். அந்தப் பதில்ல வழியும் இருக்கு, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கணும்ங்கிற தகவலும் இருக்கு. மழை பெஞ்சா எல்லாரும் மேம்பாலத்துக்கு அடியில ஒதுங்குவாங்க, பைக் நிறுத்தறதால ரோடு குறுகும், பஸ் லேட் ஆகும், லேட் ஆனதால கூட்டம் சேரும், கூட்டத்தைப் பார்த்துக் கடலை வண்டி அங்க நகரும். ஒண்ணு அசைஞ்சா அஞ்சு அசையுது. லாஸ்ட் லெகசியோட பள்ளத்தாக்கு பல மடங்கு அழகு. ஆனா அதுல மழை பெஞ்சா யாரும் லேட் ஆக மாட்டாங்க.

மலையிலயும் அப்படித்தான். அந்தக் கேம்ல ஒரு யானையைக் காப்பாத்தி, அது மேல ஏறிப் போற காட்சி இருக்கு. ரொம்ப நல்ல காட்சி, நிறைய பேருக்கு கேம்லயே பிடிச்ச இடம். ஆனா அந்த யானைக்கு அந்தக் காட்சிக்கு வெளிய ஒரு வாழ்க்கை கிடையாது. நம்ம பக்கம் எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் நடுவுல ரயில் தண்டவாளத்துல யானைங்க அடிபட்டுச் செத்திருக்கு. அதைத் தடுக்க 2024இல் மதுக்கரைப் பகுதியில வனத்துறை செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பை ஆரம்பிச்சது. கோபுரங்கள்ல வெப்பத்தை உணர்ற கேமரா, யானை தண்டவாளத்துப் பக்கம் வந்தா வனத்துறைக்கும் ரயில்வேக்கும் எச்சரிக்கை, ரயில் வேகத்தைக் குறைக்கும். யானையோட பாதை, ரயில் நேரம், கேமரா, ஓட்டுநர், எல்லாம் ஒண்ணோடொண்ணு கோர்த்திருக்கு. இங்க ஒருத்தர் எழுதற கோடுக்கு ஒரு உயிர் பதில் சொல்லுது.

தண்ணியும் அப்படியே. கேம்ல அருவி விழுந்து ஓடையா ஓடி மேப்போட ஓரத்துல முடிஞ்சுடும். வெள்ளிங்கிரியில பொறக்கற நொய்யல் கோவை, திருப்பூர் எல்லாம் கடந்து காவிரியில சேருது. திருப்பூர்ல கலந்த சாயத்தண்ணி, கீழ ஒரத்துப்பாளையம் அணையில வந்து தேங்கி, பாசனத்துக்குக் கட்டின அணையையே விவசாயிகள் 'தண்ணி தேக்காதீங்க'ன்னு சொல்ற நிலைக்குக் கொண்டுவந்துச்சு. நிஜ உலகத்துல கீழ்ப்பக்கம்னு ஒண்ணு எப்பவும் இருக்கு. எந்த ஓப்பன் வேர்ல்ட் கேமைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்க: இந்த ஆத்துக்குக் கீழ்ப்பக்கம் உண்டா?

சின்ன உலகம், திறந்த கதவு

இதைப் படிச்சுட்டு 'அப்ப எந்த கேமாலயும் முடியாதா?'ன்னு தோணலாம். முடியும், பரப்பளவைக் குறைச்சா.

2023 ஜூலையில 'வெண்பா'ன்னு ஒரு கேம் வந்தது. டொரண்டோவுல இருக்கற விசை கேம்ஸ்ங்கிற சின்னக் குழு செஞ்சது. 1980கள்ல கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம்: வெண்பா, பாவலன், பையன் கவின். உலகம்னு பார்த்தா ஒரு சமையலறை. ஆட ஒண்ணரை மணி நேரம் போதும். அம்மாவோட பழைய சமையல் குறிப்பு கிழிஞ்சும் அழிஞ்சும் இருக்கும். விட்டுப்போன படியை நாமளே யோசிச்சு நிரப்பணும். இட்லித் தட்டைத் தப்பா அடுக்கினா ஆவி சரியா ஏறாது. அந்த உலகம் உடனே பதில் சொல்லிடும். அந்தக் கேம் 2024இல் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவோட முதன்மை விருதையும், பாஃப்டாவோட அறிமுக கேம் விருதையும் வாங்குச்சு.

வெண்பாவை ஓப்பன் வேர்ல்ட்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதுல வரிசையை மாத்த முடியாது, சுத்த முடியாது. ஜீப் ஓட்டற சுகமும் இல்ல. ஆனா அங்க ஒரு பாத்திரம் ஏன் அந்த இடத்துல இருக்குன்னு அந்த வீட்டு ஆளுங்களுக்குத் தெரியும். லாஸ்ட் லெகசியில பரப்பு இருக்கு, ஆள் இல்ல. வெண்பாவுல ஆள் இருக்கு, பரப்பு இல்ல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு காலி இடம் இருக்கு பாருங்க, அதுல நம்ம ஊர் கேம் ஒண்ணு உட்காரலாம்.

நீங்க ஆடுறப்ப கேட்க அஞ்சு கேள்வி

1. வழி கண்டுபிடிக்க எதைப் பார்க்கிறேன்? உலகத்தையா, திரை ஓரத்தையா?
2. கட்டாயம் இல்லாத வேலையைச் செஞ்சா என்ன கிடைக்குது? கூலியா, புதுத் திறமையா?
3. இங்க ஒண்ணு செஞ்சா, அங்க ஏதாவது மாறுதா?
4. நான் வர்றதுக்கு முன்னாடி இந்த இடத்துல யார் என்ன வேலை செஞ்சுக்கிட்டு இருந்தாங்க?
5. இந்த ஊர்க்காரர் ஒருத்தர் இதை ஆடினா எங்க சிரிப்பார், எங்க கோபப்படுவார்?

இதை வெச்சு லாஸ்ட் லெகசிக்கு என் தீர்ப்பு: முதல் ரெண்டுக்கும் முழு மார்க். மூணாவதுல பாஸ் ஆகல, ஆனா ஏன் ஆகலன்னு கணக்குத் தெரிஞ்சதால கோபம் இல்ல. நாலாவதுலயும் அஞ்சாவதுலயும் முட்டை. அந்த முட்டைக்கு நினைவகத்தையோ ப்ராசசரையோ காரணம் சொல்ல முடியாது. தூரத்துல ஒரு அடுப்புப் புகை, ஒரு வயக்காடு, 'இந்தப் பக்கம் போகாதீங்கம்மா'ன்னு சொல்ற ஒரு பெரியவர், இதுக்கெல்லாம் 8 ஜிபியே தாராளம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டா கேம் செய்யலாம்னு இருக்கற ஜூனியர்களுக்கு ஒரு யோசனை. கோயம்புத்தூர் முழுக்கக் கட்டணும்னு ஆரம்பிக்காதீங்க, செமஸ்டர் முடிஞ்சுடும். காசில்லாம கிடைக்கற கோடோ என்ஜினை எடுங்க. டவுன் பஸ் ஸ்டாண்ட் மட்டும் போதும். அஞ்சு பஸ், முப்பது ஆளுங்க, ஒரு மழை. ஒவ்வொரு ஆளுக்கும் மூணே விஷயம் குடுங்க: எங்க போகணும், எத்தனை மணிக்குள்ள போகணும், வழி கேட்டா என்ன சொல்வாங்க. அப்புறம் மழையைப் போடுங்க. முப்பது பேரும் ஒண்ணுபோல ஓடாம, அவங்கவங்க காரணத்துக்காக ஓடினா நீங்க ஜெயிச்சுட்டீங்க.

கடைசியா ஒண்ணு. லாஸ்ட் லெகசியை நான் ரெண்டு தடவை முடிச்சிருக்கேன். அந்தப் பள்ளத்தாக்குல எந்தத் திருப்பத்துல எந்தக் கோபுரம்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன். போன மாசம் 70ல போறப்ப ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, வடக்கே தெரிஞ்ச மலையைக் காட்டி, 'அதுக்குப் பேரு தெரியுங்களா தம்பி?'ன்னு கேட்டாங்க. நாலு வருஷமா அந்த பஸ்ல போறேன், தெரியல. 'குருடிமலைங்க. சின்னப் புள்ளைல அங்கதான் வெறகுக்குப் போவோம்'னாங்க. எந்த வழியா ஏறுவாங்க, எங்க தண்ணி குடிப்பாங்க, யானை வந்தா என்ன பண்ணுவாங்கன்னு மருதமலை அடிவாரம் வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தாங்க.

எறங்குறப்ப என் போன்ல மேப்பைத் தொறந்து, அவங்க சொன்ன ஓடையைத் தேடினேன். இல்ல. அவங்க சொன்னதை நோட்டுல வரைஞ்சு வெச்சிருக்கேன். நீங்களும் உங்க ஊர்ப் பக்கம் ஒரு மலையோ குளமோ எடுத்து, தெரிஞ்சவங்களைக் கேட்டு ஒரு மேப் வரைஞ்சு பாருங்க. கேமா ஆகுதோ இல்லையோ, ஆடுறப்ப எது விட்டுப்போச்சுன்னு உங்களுக்குத் தெரிய ஆரம்பிச்சுடும்.